நான் பத்தாவதாக எழுதிய பெயர்

நான் தயாரித்த ஒரு பட்டியலைத் திரையில் காட்டி, அதில் கடைசி மூன்று பேருக்கு இனி வேலை இல்லை என்று சொன்னார்கள். ஐப்பசி மாதம், ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணி. பட்டியலின் மேல் மூலையில் 'தயாரித்தவர்: சுகந்தி' என்று என் பெயர் இருந்தது. கடைசி வரியில், பத்தாவதாக, என் தங்கை வாணியின் பெயர் இருந்தது.

நம் பிடாரியம்மன் கோயில் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் இதைச் சொல்லச் சொல்லி வாணியின் அம்மா, என் பெரியம்மா, ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு முறை எழுந்து நின்றேன். வாயைத் திறந்தால் அந்தத் திரைதான் கண்முன் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். எதையும் வரிசையாக எழுதித்தான் எனக்குப் பழக்கம். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். உறவுகள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

வாணி என் கூடப் பிறந்தவள் இல்லை. விழிதியூர் கலியமூர்த்திப் பெரியப்பாவின் மகள். பெரியப்பாவும் என் அப்பாவும் பங்காளிகள். எங்கள் இரு வீட்டுக்கும் ஒரே குலதெய்வம், இந்தப் பிடாரிதான். அவர்கள் விழிதியூரிலேயே நெல் சாகுபடி செய்கிறார்கள். நாங்கள் அப்பாவின் அரசாங்க வேலைக்காகத் தலத்தெருவுக்கு வந்துவிட்டோம். வாணி என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவளும் நானும் ஒரே பொறியியல் கல்லூரி. ஒரு பெரிய போன் நிறுவனத்தில் எனக்கு முதலில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து என் சிபாரிசில் அவளும் சேர்ந்தாள்.

எங்கள் வேலை போன் கேமராவைச் சோதிப்பது. வெளிச்சம் குறைந்தால் படம் எப்படி வருகிறது, தோலின் நிறம் சரியாக விழுகிறதா, கை நடுங்கினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். நான் குழுத் தலைவி. மாதத்தில் ஒரு வாரம் சென்னை அலுவலகம், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை.

அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரு காலத்தில் காரைக்கால் கடைத்தெருவில் எந்த போன் கடைக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டியின் மேல் தட்டில் எங்கள் போன்தான் இருக்கும். பிறகு நடுத்தட்டுக்கு வந்தது. பிறகு கீழ்த்தட்டு. போன வருடம் ஒரு கடையில் சும்மா விசாரித்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"அந்த கம்பெனியா? இன்னும் போன் விட்டுக்கிட்டுத்தான் இருக்காங்களா?"

"விடுறாங்கண்ணே. நான் அங்கதான் வேலை பாக்குறேன்."

"அடடா. மன்னிச்சிக்கம்மா. நல்ல போன்தான். வாங்குறதுக்குத்தான் ஆள் இல்ல."

வீட்டுக்கு வந்து வாணியிடம் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அந்தத் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் மேலாளர் சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "சுகந்தி, உங்க டீம்ல யார் யார், என்ன பண்றாங்க, ஒரு பக்கத்துல வரிசையா போட்டு அனுப்புங்க. அடுத்த மாடலுக்கு வேணும்" என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அடுத்த மாடலுக்கு என்று சொன்னதில் சந்தோஷம்தான் வந்தது. அப்படியென்றால் அடுத்த மாடல் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

பத்துப் பெயர்களையும் எழுதினேன். அனுபவம் அதிகமுள்ளவர்கள் மேலே, புதிதாக வந்த இரண்டு பேர் கீழே. வாணியின் பெயரை எழுதும்போது கை நின்றது. அவள் வேலைக்கு அவள் நான்காவது இடத்தில் வர வேண்டும். இரவில் எடுக்கும் படங்களில் வரும் புள்ளிகளைக் கண்டுபிடிப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரி எங்கள் குழுவில் கிடையாது. ஆனால் அவள் என் தங்கை. என் சிபாரிசில் வந்தவள். அவளை மேலே போட்டால் நன்றாக இருக்குமா?

நம் வீட்டு விசேஷம் எதிலாவது நம் வீட்டுப் பிள்ளைகள் முதல் பந்தியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிய வேண்டும். பரிமாறிய கையோடு கடைசிப் பந்தியில் நாம் உட்காருவோம். பாயசம் இருந்தால் உண்டு. அதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் புத்திதான் அன்று என் விரலில் வேலை செய்தது. வாணியைப் பத்தாவதாகப் போட்டேன். மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது. அனுப்பிவிட்டு அம்மாவோடு தொலைக்காட்சி பார்த்தேன்.

திங்கட்கிழமை காணொளிக் கூட்டத்தில் மேலாளரும், நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு பெண் அதிகாரியும் இருந்தார்கள். போன் விற்பனை தொடர்ந்து சரிகிறது, ஆட்களைக் குறைக்க வேண்டிய கட்டாயம் என்று அந்த அம்மா எதையோ பார்த்துப் படித்தார். பிறகு மேலாளர் என் பட்டியலைத் திரையில் போட்டார். ஏழாவது பெயருக்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு இருந்தது. கோட்டை நான் போடவில்லை. பெயர்களை வரிசைப்படுத்தியது நான்.

"சார், இது தகுதி வரிசை இல்ல" என்றேன். என் ஒலிவாங்கியை அவர்கள் அணைத்து வைத்திருந்தார்கள். நான் பேசுவது எனக்கு மட்டும்தான் கேட்டது. பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

பத்து நாற்பத்தொன்றுக்கு வாணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான்தான் கடைசியா? நீயா போட்ட?"

நான் பதில் எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேரவில்லை. கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது. அன்று முழுவதும் கூப்பிட்டேன். அந்த வாரம் அவளுக்குச் சென்னை முறை, விடுதியில் இருந்தாள். கோபத்தில் அணைத்து வைத்திருக்கிறாள், நாளைக்குத் தணிந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, வாணி ஒங்கிட்ட பேசுச்சா?"

"இல்ல பெரியப்பா. ஏன்?"

"நேத்திலேருந்து போன் போவல. ஆஸ்டலுக்குப் போட்டேன். நேத்து காலையிலேயே காலி பண்ணிட்டு ஊருக்குப் போறேன்னு கெளம்பிடுச்சாம். இங்க வந்து சேரலம்மா."

சென்னையிலிருந்து காரைக்காலுக்கு ஆறேழு மணி நேரம். அவள் முந்தைய நாள் மாலையே வீட்டில் இருந்திருக்க வேண்டும். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "நான் வர்றேன் பெரியப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு விழிதியூர் போனேன். வழியெல்லாம் அந்தச் செய்தியே கண்ணில் ஓடியது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சாமி கும்பிடும்போதுகூட ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண் போட்டுத்தான் வேண்டுவேன். அன்று எண் வரவில்லை. வாணி உயிரோட இருக்கணும் தாயே. அது ஒன்றுதான் வந்தது. அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

போலீசுக்குப் போகலாம் என்று பெரியப்பா சொல்ல, பெரியம்மா விடவில்லை. "பொம்பளப் புள்ள பேர ஸ்டேஷன்ல எழுதுனா நாளைக்கு எவன் வந்து கேப்பான்? இருங்க" என்று கத்தினார். பிறகு என் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெரியப்பாவும் பின்னாலேயே வந்தார். கோயில் அவர்கள் வயலை ஒட்டித்தான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். பெரியம்மா அம்மன் முன்னால் ஒரு கட்டிக் கற்பூரத்தை ஏற்றினார்.

"தொட்டுச் சொல்லு சுகந்தி. எவனாச்சும் பையனா?"

"இல்ல பெரியம்மா."

"ஒங்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லுவா. மறைக்காத. இவ முன்னாடி பொய் சொன்னா வாய் வெளங்காது."

"சத்தியமா பையன் யாரும் இல்ல."

கற்பூரத்தின் மேல் கையை வைத்தேன். சுட்டது. எடுக்க முடியவில்லை. இல்லை என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் அவளைத் தேடுகிற பெற்றவர்களிடம் மறைத்துக்கொண்டு நிற்பது பொய்தானே? அம்மனின் கண்கள் எனக்கு நேரே இருந்தன. என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது.

"பெரியம்மா, வாணிக்கு வேலை போயிடுச்சு. என்னாலதான் போச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், பத்தாவது இடம், சிவப்புக் கோடு. என் போனை எடுத்து அவள் கடைசியாக அனுப்பிய செய்தியைக் காட்டினேன். பெரியப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பெரியம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எம் புள்ளைய ஏன்டி கடைசியில போட்ட?"

"நம்ம வூட்டுப் புள்ளைன்னு போட்டேன் பெரியம்மா. நம்மள நாமளே முன்னாடி போட்டுக்கிட்டா ஊரு என்ன சொல்லும்னு."

பெரியம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "நானா இருந்தாலும் அப்படித்தான்டி போட்டிருப்பேன்."

அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

பெரியப்பா தலையில் துண்டைக் கட்டினார். "நான் ஸ்டேஷனுக்குப் போறேன். பேரு கெட்டா கெடட்டும்" என்று வாசல்படி இறங்கினார். அந்த நேரத்தில்தான் பக்கத்து வயல்காரர் பக்கிரிசாமி மாமா குடையோடு கத்திக்கொண்டே வந்தார்.

"ஏன் மச்சான், ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா? வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. இந்த மழையில மோட்டாரப் போட்டு எம் நாத்தையும் சேத்து முழுக்கடிக்கிறீங்களே!"

"யோவ், நான் எங்கய்யா போட்டேன்? நானே புள்ளையக் காணும்னு நிக்கிறேன்."

"காலையிலேருந்து மூணு தடவ ஓடிடுச்சு. ரெண்டு தடவ நானே போயி அணைச்சேன். இப்ப பாருங்க, மறுபடியும் ஓடுது. பேயா வந்து போடுது?"

எங்கள் எல்லோருக்கும் காதில் விழுந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில், வரப்புவரை தண்ணீர் நிற்கும் வயலில், போர்வெல் மோட்டார்.

நான் மோட்டார் கொட்டகையைக் காட்டிக் கேட்டேன்.

"பெரியப்பா, அது போன்ல போடுற ஸ்டார்ட்டரா?"

"ஆமாம்மா. குறுவைக்கு மாட்டுனேன். அந்தப் பொட்டிக்குள்ள ஒரு சிம் இருக்கு. அந்த நம்பருக்கு யாரு போன் போட்டாலும் மோட்டார் ஓடும். வயலுக்கு நடக்க வேணாம்னு எலெக்ட்ரீஷியன் போட்டுக் குடுத்தான்."

"எந்த சிம்?"

"எம் பழைய நம்பர்தான். சும்மா கெடந்துச்சேன்னு அதுல போட்டேன். வாணிக்குக்கூட இன்னும் சொல்லல."

அந்தப் பழைய எண். வாணிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண். எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. வாணியின் சொந்த போன் கோடையில் உடைந்துபோனது. அதற்குப் பிறகு நிறுவனம் சோதனைக்குக் கொடுத்த போனையே வைத்திருந்தாள். சிம்மும் அவர்கள் கொடுத்ததுதான். வேலையை விட்டு எடுத்த கையோடு அந்த போனை எங்கிருந்தோ பூட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்திருப்பார்கள். அவள் வேண்டுமென்றே போனை அணைத்து வைக்கவில்லை. அவளிடம் போனே இல்லை. அப்பாவின் புது எண், என் எண், ஒன்றும் அவளுக்கு மனப்பாடம் கிடையாது. எனக்கும் யார் எண்ணும் தெரியாது. போன் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தோம், எங்களுக்கு ஒரு எண்ணும் தெரியாது!

இன்னொன்றும் தோன்றியது. அது என்னை உலுக்கிவிட்டது. அந்தப் பெட்டி அழைப்பைத் தானே எடுக்கும். சில நொடி பேச்சே இருக்காது. பிறகு தானே துண்டித்துவிடும். கூப்பிட்டது வாணியாக இருந்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? அப்பா போனை எடுத்தார், என் குரலைக் கேட்டார், பேசாமல் வைத்துவிட்டார். மூன்று முறை.

ஓடினோம். பெரியப்பா மின்சாரத்தை நிறுத்தினார். நான் பெட்டியைத் திறந்து சிம்மை எடுத்தேன். என் போனில் சிம் செருகும் இடத்தைத் திறக்க ஊசி வேண்டும். பெரியம்மா தாலிக்கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். சிம்மைப் போட்டேன். சிக்னல் வந்தது.

இனி அவள் கூப்பிட்டால்தான் உண்டு. வந்த அழைப்புகளின் எண்கள் அந்தப் பெட்டியில் பதிவாகாது. நாங்கள் திருப்பிக் கூப்பிட வழியில்லை. கூப்பிட்டது வாணிதான் என்றும் நிச்சயமில்லை. யாரோ ஒருவர் தவறான எண்ணுக்குப் போட்டிருக்கலாம். ஏதாவது விளம்பர அழைப்பாக இருக்கலாம். வாணியாகவே இருந்தாலும், மூன்று முறை பேசாமல் வைத்த அப்பாவை நான்காவது முறை ஏன் கூப்பிட வேண்டும்?

மோட்டார் கொட்டகையில் நாங்கள் நான்கு பேர். தகரக் கூரையில் மழை. பெரியம்மா கோயில் பக்கம் திரும்பிக் கைகூப்பி நின்றார். பக்கிரிசாமி மாமா நாற்றை மறந்து குடையை மடக்கிவிட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். நான் போனை இரண்டு கையிலும் வைத்திருந்தேன். அன்று நான் வேண்டியதுபோல வாழ்க்கையில் எப்போதும் வேண்டியதில்லை. எனக்கு வேலை வேண்டாம், பெயர் வேண்டாம், அவள் என்னை மன்னிக்கவும் வேண்டாம். இன்னும் ஒரு தடவை அவளைக் கூப்பிட வை தாயே. ஒரே ஒரு தடவை.

அரை மணி நேரம் கழித்து போன் அடித்தது. உடனே எடுத்தேன். "வணக்கம், உங்கள் எண்ணுக்கு ஒரு சிறப்புச் சலுகை" என்று ஒரு பெண் குரல்.

பெரியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் மூன்று முறையும் இதுதானா? பெரியப்பா செருப்பைத் தேடிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்.

அவர் வரப்பில் இறங்கியபோது மறுபடியும் அடித்தது. தெரியாத எண். எடுத்ததும் எதிர்முனையில் ஒரு பெண் வெடித்தார்.

"யோவ், நீல்லாம் மனுசன்தானா? எடுத்து எடுத்து வைக்கிறியே! பெத்த புள்ளைகிட்ட ஒரு வார்த்த பேசுனா கொறஞ்சா பூடுவ?"

"அக்கா, வைச்சிடாதீங்க! வாணி அங்க இருக்காளா? உயிரோட இருக்காளா?"

அந்தக் குரல் சட்டென்று இறங்கியது.

"உயிரோடதான் இருக்கு. காச்சல் கொதிக்குது. நீ யாரு?"

நான் கத்தியதில் பெரியப்பா வரப்பிலிருந்து வழுக்கி வயலுக்குள் விழுந்தார். சேற்றோடு எழுந்து ஓடி வந்தார்.

அந்த அக்காவின் பெயர் அஞ்சலை. தரங்கம்பாடியில் மீன் விற்கிறவர். முந்தைய நாள் மாலை கடற்கரையில் மழையில் ஒரு பெண் பையோடு தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டதற்கு அவள் பதில் சொல்லவில்லையாம். கையைத் தொட்டுப் பார்த்தால் நெருப்பாய்ச் சுட்டதாம். அதட்டி எழுப்பி வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். காலையில் அஞ்சலை அக்காவின் போனிலிருந்துதான் வாணி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். மூன்றாவது முறைக்குப் பிறகு, "போதும்க்கா, எங்க அப்பாவுக்கு நான் வேணாம்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாளாம்.

"அது வேணாம்னுதான் சொல்லிச்சு. மீனு எடுக்கக் கெளம்பிட்டேன். துறைமுகம் வரைக்கும் போயிட்டேன். என்னமோ காலு நவுரல. திரும்பி வந்து அந்த நம்பருக்கு நானே போட்டேன். நல்லா நாலு கேள்வி கேக்கணும்னுதான் போட்டேன்" என்றார் அஞ்சலை அக்கா.

அவருக்குக் கால் நகரவில்லை. கொட்டகையில் நாங்கள் கைகூப்பி நின்ற அதே அரை மணி நேரம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்புவது என் தொழில். இதற்கு வேறு விளக்கம் தருகிறவர்கள் தரட்டும். எனக்குத் தெரியும் அவரை யார் நிறுத்தினாள் என்று.

பக்கிரிசாமி மாமாவின் மகனுடைய காரில் தரங்கம்பாடி போனோம். வாணி ஒரு பாயில் போர்த்திப் படுத்திருந்தாள். பெரியப்பாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்ட முதல் வார்த்தை, "ஏம்ப்பா எங்கிட்ட பேசல?"

பெரியப்பாவுக்கு வாய் குழறியது. "நான் எடுக்கலம்மா. மோட்டாரு எடுத்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. அங்கே யாருக்கும் புரியவில்லை. பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அஞ்சலை அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அட, நான் ஒரு மோட்டாரயா அந்தத் திட்டுத் திட்டுனேன்?"

ஏன் வீட்டுக்கு வராமல் அங்கே இறங்கினாள் என்று பிறகுதான் சொன்னாள். பேருந்து தரங்கம்பாடியில் நின்றபோது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கோட்டுச்சேரி வரும், தெரிந்தவர்கள் ஏறுவார்கள், என்ன இந்த நேரத்தில் ஊருக்கு என்று கேட்பார்கள் என்று பயம் வந்ததாம். இறங்கிவிட்டாள். கடற்கரையில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள். அதை நான் இங்கே எழுதமாட்டேன். அஞ்சலை அக்கா இல்லையென்றால் இதை எழுதவே நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

என்னிடம் அவள் அன்று பேசவில்லை. நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் தலத்தெருவுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அம்மா சொல்லிச்சு. நம்ம வூட்டுப் புள்ளைன்னு போட்டியாம்ல?"

"ஆமாடி."

"லூசாக்கா நீ? நாலாவதா போட்டிருக்க வேண்டியவதானே நான்?"

"ஆமாடி. நாலாவதுதான்."

"அத ஒரு தடவ அந்த ஆளுக்கு எழுதிப் போடு. வேலைக்காக இல்ல. எனக்கு அது எழுத்துல வேணும்."

எழுதினேன். என் பட்டியல் தகுதி வரிசை இல்லை, எதற்கு என்று கேட்காமல் அனுப்பியது என் தவறு, எதற்கு என்று சொல்லாமல் கேட்டது உங்கள் தவறு, வாணி எங்கள் குழுவில் மிகச் சிறந்தவர்களில் ஒருத்தி என்று எழுதினேன். நன்றி, குறித்துக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. வேலை திரும்ப வரவில்லை. வேலை போன மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். சேலத்துப் பையன், "நீங்க போடலன்னா வேற யாராச்சும் போட்டிருப்பாங்க, விடுங்க" என்றான். இன்னொருவர் இன்றுவரை என் அழைப்பை எடுக்கவில்லை. அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

தை மாதம் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். மீதமிருந்த ஏழு பேரும் நானும் வெளியே வந்தோம். இந்த முறை பட்டியலே தேவைப்படவில்லை. என் மடிக்கணினி இருண்டபோது நான் அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அதிர்ச்சியாகத்தான் இருந்தது. எட்டு வருடம் உழைத்த இடம், ஒரு மின்னஞ்சலில் முடிந்தது. ஆனால் இடிந்து போகவில்லை. அதைவிடப் பெரியதை இழக்கப் பார்த்து, திரும்ப வாங்கியவள் நான்.

வாணி இப்போது நாகப்பட்டினத்தில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். விழித்திரையைப் படமெடுக்கும் கருவிகள் அவள் பொறுப்பில் இருக்கின்றன. நான் இன்னும் நிலையான வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும். இடையில் கிடைக்கிற சின்னச் சின்ன வேலைகளைச் செய்கிறேன். ஒரு ஆளைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னால், முதலில் எதற்கு என்று கேட்கிறேன். பிறகு அந்த ஆளிடமே காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அஞ்சலை அக்கா ஆடி வெள்ளிக்கு நம் கோயிலுக்கு வந்திருந்தார். பெரியம்மா அவரைத்தான் முதலில் கூழ் வாங்க வைத்தார்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வேலை போயிருக்கலாம். பிள்ளைக்குப் போயிருக்கலாம். வீட்டில் சொல்லாமல் தினமும் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களும் இருக்கலாம். வாருங்கள். இவள் முன்னால் வந்து நில்லுங்கள். ஆனால் வேண்டுவதற்கு முன்னால், உள்ளே மறைத்து வைத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் மனிதர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். நான் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு வழி திறந்தது. அதுவரை அவளைத் தேடியவர்களுக்கு நானே தடையாக நின்றுகொண்டிருந்தேன்.

அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. வாணி உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்டேன். இருக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு அவ்வளவு காய்ச்சல் இல்லை, நான் மிகைப்படுத்துகிறேன் என்று என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறாள். தாயே, இந்தச் சண்டை எனக்கு வருடக்கணக்காக வேண்டும்.